பூநாரை ஏன் தலைகீழாகச் சாப்பிடுகிறது?

"ஏனுங்க, கோடியக்கரைக்குக் குழந்தைகளோட போயிருந்தோம். அங்கே பூநாரைகள் தலையைக் கவுத்துப் போட்டுக்கிட்டு ரொம்ப நேரம் சேத்தையே கிண்டிக்கிட்டு இருந்துச்சு, அதுல என்னதான் கிடைக்குது?" என்று பெருந்துறையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நம்மூர்க்காரர்கள் கடல் பார்க்கக் கிளம்பினால் பெரும்பாலும் ராமேஸ்வரம், கன்னியாகுமரிதான். காவிரி போகும் பக்கமாகவே போய், டெல்டாவின் தென்கோடியில் இருக்கும் சரணாலயத்தைத் தேடிப் போனாரே, அதற்கே ஒரு சபாஷ்.

1967-ல் சரணாலயமானது கோடியக்கரை. வெளிமான்களுக்குப் பேர்போன இடம் என்றாலும், அக்டோபருக்கு மேல் போனால் கண் நிறைய பறவைகள். பக்கத்திலேயே வேதாரண்யம் உப்பளங்களும் சதுப்பும். உப்பு ஏறிப்போன தண்ணீரில் மீன் பிழைப்பது கஷ்டம், ஆனால் பாசியும் ஆர்ட்டீமியா என்கிற பொடி இறாலும் அதில்தான் செழிக்கும். பூநாரைக்கு அதுதான் சாப்பாடு, அதில் உள்ள கரோட்டினாய்டு நிறமிதான் சிறகில் ஏறும் இளஞ்சிவப்பு. இதெல்லாம் பலருக்கும் தெரிந்ததுதான்.

தலையைக் கவிழ்க்கும்போது மேலலகு கீழே போய்விடுகிறது. தடித்த நாக்கு நொடிக்குப் பல தடவை முன்னும் பின்னும் போய் தண்ணீரை உறிஞ்சித் தள்ள, அலகின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய தகடுகளில் இரை மட்டும் தங்கிவிடும். சரி, வாய்க்குள் வந்ததை வடிகட்டுவது புரிகிறது. ஆனால் ஆர்ட்டீமியா சும்மா மிதந்துகொண்டிருக்கிற சரக்கு இல்லை, நீந்தித் தப்பிக்கும். அது எப்படி வாய்க்கு வந்து சேருகிறது?

இதற்குப் பதில் 2025-ல்தான் விளக்கமாக வந்தது. விக்டர் ஒர்டேகா ஹிமெனெஸ் என்கிற ஆய்வாளரும் அவர் குழுவும் அமெரிக்காவில் ஒரு விலங்குக்காட்சிசாலையின் சிலிப் பூநாரைகளை அதிவேக கேமராவில் படம்பிடித்தார்கள். (நம் பக்கம் வருவது பெரிய பூநாரை, அலகின் அமைப்பு கிட்டத்தட்ட அதேதான்.) பார்த்தால், பறவை இரைக்காகக் காத்திருக்கவே இல்லை, தண்ணீரைச் சுழலவிட்டு வரவழைக்கிறது!

முதலில் கால். சவ்வுள்ள பாதம் கீழே போகும்போது விரிகிறது, தூக்கும்போது மடங்கிக்கொள்கிறது. நின்ற இடத்திலேயே மிதித்து மிதித்து, அடிச்சேற்றைச் சுழல்களாகக் கிளப்பி அலகுக்கு முன்னால் தள்ளுகிறது. அடுத்து தலை. தண்ணீருக்குள் இருக்கும் தலையை நொடிக்கு 40 சென்டிமீட்டர் வேகத்தில் வெடுக்கென்று மேலே இழுக்கிறது. மாட்டுக்கு வைத்த கழனித்தண்ணீர் தெளிந்து நிற்கும்போது ஒரு கரண்டியை அடிவரை விட்டுச் சட்டென்று தூக்கிப் பாருங்கள், படிந்த மாவு பின்னாலேயே சுழன்று எழும். அதேபோல் சேறும் இரையும் செங்குத்தாக எழுகின்றன. அப்புறம் அலகு. நொடிக்குச் சுமார் 12 தடவை படபடவென்று திறந்து மூடுவதில் சின்னச் சின்னச் சுழல்கள் உண்டாகி, இரை வாய்ப்பக்கம் இழுபடுகிறது. உயிரில்லாத ஒரு பூநாரைத் தலையில் பம்பைப் பொருத்தி ஆர்ட்டீமியாவை விட்டு அளந்தபோது, அலகு படபடத்தால் உள்ளே போகிற இரை 7 மடங்கானது.

"நாரை எப்படித் திங்குதுன்னு பாக்கறதுக்கெல்லாம் காசு தருவாங்களா?" என்று கேட்பவர்கள் உண்டு. தரணும். தண்ணீரிலிருந்து நுண்பிளாஸ்டிக்கையும் நச்சுப்பாசியையும் பிரித்தெடுக்கும் வடிகட்டிகளுக்கு இதிலிருந்து யோசனை எடுக்கலாம் என்று அந்தக் குழுவே சொல்கிறது. அந்தப் பயன் இல்லாவிட்டாலும் நான் தரச் சொல்வேன். கோடியக்கரையிலேயே பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பல பத்தாண்டுகளாக, எங்கெங்கே போய் வருகின்றன என்று அறிய பறவைக் காலில் வளையம் மாட்டி அனுப்புகிறார்கள். இப்படிப்பட்ட நீண்டகால வேலைக்கு வருஷா வருஷம் தடையில்லாமல் பணம் வேண்டும், ஆனால் கேமரா முன்னால் திறந்துவைக்க அதில் கட்டிடம் எதுவும் கிடையாது.

அடுத்த தடவை போனால் பைனாகுலரைப் பூநாரையின் தலைப்பக்கம் மட்டும் திருப்பாமல் அதன் கால்களையும் பாருங்கள். ட்ரோன் பறக்கவிடுவது, படத்துக்காகக் கிட்டப் போய்க் கிளப்பிவிடுவது எல்லாம் வேண்டாம், மேய்கிற நேரம் போச்சுன்னா அன்றைய சாப்பாடும் போச்சு.

அவ்வளவு தூரம் முடியாதவர்களுக்குத் திருப்பூர் நஞ்சராயன் குளம் இருக்கிறது, 2024-ல் ராம்சர் எனப்படும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. குளிர்காலத்தில் தட்டைவாயன் வாத்துகள் வந்தால் கவனியுங்கள். அவையும் வடிகட்டித் தின்பவைதான், சில சமயம் கூட்டமாக வட்டமடித்து நீந்தி, அடியில் இருப்பதை மேலே கிளப்பிவிடும்.