எக்ஸ்டென்ஷன் - வேளாண் விரிவாக்கம்

இங்கே தென்னாப்பிரிக்காவில், ஜோகன்னஸ்பர்க்கை அடுத்த லெனேசியாவில் "எக்ஸ்டென்ஷன்" என்று சொன்னால் "எத்தனையாவது?" என்று கேட்பார்கள். அங்கே குடியிருப்புப் பகுதிகளுக்கெல்லாம் எக்ஸ்டென்ஷன் எண்தான் அடையாளம். டர்பன் பக்கத்துக் கரும்பு விவசாயிக்கோ அது வேறு பொருள்: பூச்சி, உரம், கரணை பற்றிப் பேச வயலுக்கு வரும் அலுவலரின் வேலை.

லத்தீனில் எக்ஸ் என்றால் வெளியே, டெண்டரே என்றால் நீட்டுதல். வெளியே கையை நீட்டியது முதலில் பல்கலைக்கழகம். கேம்பிரிட்ஜ் 1873-இல் தன் மதிலைத் தாண்டி வெளியூர்களில் விரிவுரை நடத்தத் தொடங்கியபோது அந்த ஏற்பாட்டுக்கு இந்தப் பெயர் நிலைத்தது. உழவோடு அதை இறுக முடிச்சிட்டது அமெரிக்கா. வேளாண் கல்லூரிகளின் ஆய்வு முடிவுகளைப் பண்ணைகளுக்குக் கொண்டுசெல்ல 1914-இல் ஸ்மித்-லீவர் சட்டம் அரசுப் பணம் ஒதுக்கியது. இன்று க்வாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் பீட்டர்மாரிட்ஸ்பர்க் வளாகத்தில் இது ஒரு பாடத்துறை. ஆம், காந்தி ரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட அதே ஊர்.

தமிழ்நாட்டு வழக்கு விரிவாக்கம். விரிவுரைக்கும் இதற்கும் வேர் ஒன்றே, "விரி". கேம்பிரிட்ஜ் கதை தெரிந்தவருக்கு இது இனிக்கும். ஆனால் தனியே நின்றால் சாலை விரிவாக்கம்தான் நினைவுக்கு வரும். எனவே "வேளாண்" என்ற அடையை விடக்கூடாது. இலங்கையில் களத்துக்கு வருபவர் விவசாயப் போதனாசிரியர். அதில் பிரம்பின் நிழல் கொஞ்சம் தெரிகிறது.

எனக்குப் பிடித்தது நம் பக்கத்து வீட்டு ஆப்பிரிகான்ஸ் சொல்தான்: ஃபூர்லிஹ்திங். முன்னே வெளிச்சம் காட்டுதல் என்று பொருள். தமிழில் விளக்கு, விளக்கம் இரண்டும் ஒரே வேரில் நிற்பதால் "வேளாண் விளக்கப் பணி" என்பது கச்சிதமாகப் பொருந்தும். அலுவலகப் பலகைக்கு விரிவாக்கம் இருக்கட்டும். வயலில் பேசும்போது விளக்கப் பணி என்றே சொல்வேன்.

எல்லாச் சொற்களிலும் ஒரு குறை உண்டு: அறிவு ஒரு திசையில் மட்டும் போவதாகக் காட்டுகின்றன. உண்மையில் அது பல திசைகளிலிருந்தும் வரும். டர்பனை அடுத்த மவுண்ட் எட்ஜ்கோமில் 1925-இல் தொடங்கிய கரும்பு ஆய்வு நிலையம் 1955-இல் வெளியிட்ட ரகம் என்கோ 376. கோயம்புத்தூரில் ஒட்டுச் சேர்த்த விதையை இங்கே முளைக்கவைத்துத் தேர்ந்தெடுத்தது. "என்" நேட்டால், "கோ" கோயம்புத்தூர். 1860-இல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்தக் கரும்பை வெட்டினார்கள். ரகத்தின் பெயரில் தங்கள் முன்னோர் பக்கத்து ஊர் ஒளிந்திருப்பதை அவர்களுக்கு எந்த விரிவாக்க அலுவலராவது சொல்லியிருப்பாரா?