குஞ்சுக்குத் தீனியைக் குறைத்தால் நட்டமா?

செங்குன்றத்தில் சின்ன ஷெட் போட்டு பிராய்லர் வளர்க்கும் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "இரண்டாவது வாரம் தீனியைக் குறைத்தால் கோழி சாவது குறையும் என்கிறார்கள். எடை போய்விடாதா சார்?"

போகும். அப்புறம் பெரும்பாலும் திரும்பி வரும்.

40 கிராம் சொச்சத்தில் வரும் குஞ்சு ஐந்தாறு வாரத்தில் 2 கிலோவைத் தொடுகிறது. ஹார்மோன் ஊசிதான் காரணம் என்று பெரம்பூர் கறிக்கடை வரிசையில் இன்றும் அடித்துச் சொல்வார்கள். ஆயிரக்கணக்கான கோழிக்குத் தினமும் ஊசி போட யாருக்குக் கட்டுப்படியாகும்? தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்த இனம், நல்ல தீனி, அவ்வளவுதான். பயப்படுவதென்றால் ஆன்டிபயாடிக்குக்குப் பயப்படலாம். கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கால்நடைகளுக்குத் தரக் கூடாது என்று 2019இல் தடையே வந்தது.

சிக்கல் என்னவென்றால், சதை வளரும் வேகத்துக்கு நுரையீரல் ஈடுகொடுப்பதில்லை. நம் நுரையீரல் மூச்சுக்கு மூச்சு விரிந்து சுருங்கும். கோழியினுடையது விலா எலும்புகளுக்கிடையே பதிந்து கிடக்கிறது; காற்றை இழுத்துத் தள்ளுவது காற்றுப்பைகளின் வேலை. நுரையீரலிலுள்ள நுண்ணிய ரத்தக் குழாய்களும் அதிகம் விரிந்து கொடுக்காது. சதை ஆக்சிஜன் கேட்கக் கேட்க இதயம் கூடுதல் ரத்தத்தை அனுப்புகிறது. தீபாவளிக்கு முந்தின நாள் எம்.சி. ரோட்டில் நெருக்குவதுபோல் குழாய்களில் அழுத்தம் ஏறுகிறது. அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலது கீழறை தடித்துப்போகிறது. இனிமேல்தான் எனக்குப் பிடித்த இடம். நமக்கு அந்த அறையின் வால்வு மெல்லிய ஜவ்வு. கோழிக்கோ அது கீழறைச் சுவரோடு சேர்ந்த தசை மடிப்பு. சுவர் தடித்தால் வால்வும் தடிக்கும், சரியாக மூடாது. ரத்தம் பின்னால் தேங்கும். கல்லீரலிலிருந்து நீர் கசிந்து வயிற்றில் கோத்துக்கொள்ளும். தப்பிக்க வளர்ந்த தசையே ஆளைக் கவிழ்க்கிறது.

இரண்டாவது வாரம் வளர்ச்சியை இழுத்துப் பிடித்தால் ஆக்சிஜன் தேவை குறைகிறது, கால் கோளாறும் குறைகிறது. உடம்பு சிறிதாக இருப்பதால் அதைப் பராமரிக்க ஆகும் தீனியும் மிச்சம். 1985இல் இஸ்ரேலின் பிளாவ்னிக், ஹுர்விட்ஸ் இருவரும் இப்படிக் கட்டுப்படுத்திய குஞ்சுகள் பின்னர் எடையை மீட்டதையும், வயிற்றுக் கொழுப்பு குறைந்ததையும் காட்டினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் சிலவற்றில் கொழுப்பு குறைந்தது, சிலவற்றில் குறையவில்லை.

மாதவரத்திலேயே கால்நடைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் வெயிலில், நம் சின்னப் பண்ணைகளில் இதைச் சோதிக்க அரசுதான் பணம் தர வேண்டும். கம்பெனிகள் ஏன் தரப்போகின்றன? 'குறைவாகப் போடு' என்பதை மூட்டை கட்டி விற்க முடியாதே.

சரி, செய்முறைக்கு வருவோம். முதல் வாரம் கை வைக்காதீர்கள், குடல் வளரும் நேரம். அடுத்த வாரம் தினமும் சில மணி நேரம் ஃபீடரைத் தூக்கிவிடலாம். தண்ணீரை மட்டும் நிறுத்தக் கூடாது. திரும்ப வைத்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் பாயும் என்பதால் ஃபீடர் தாராளமாக வேண்டும், இல்லாவிட்டால் நோஞ்சான் குஞ்சு நசுங்கும். ஃபீடரைத் தூக்காமல் தீனியில் தவிடு கலந்து கொடுப்பவர்கள் லைசின், மெத்தியோனின் என்ற அமினோ அமிலங்களும் வைட்டமின்களும் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ரொம்பவும் பட்டினி போட்டால் நெஞ்சுக்கறி அடிவாங்கும். நீங்கள் ஒரு கிலோ சொச்சத்திலேயே தந்தூரிக்கு விற்பவர் என்றால் இந்த வேலையே வேண்டாம். விட்ட எடையைப் பிடிக்கக் கோழிக்கு நாள் இருக்காது.