சுமோ வட்டத்தில் கால்களைக் கவனியுங்கள்: ஓர் இயன்முறை மருத்துவரின் பார்வை

உலகப் போர்க்கலை விளையாட்டுப் போட்டி 2010இல் பெய்ஜிங்கில் தொடங்கி, 2013இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலும், பத்தாண்டு இடைவெளிக்குப் பின் 2023இல் ரியாத்திலும் நடைபெற்றது. முதல் போட்டியில் 13 ஆட்டங்கள். மூன்றாவதில் அந்த எண்ணிக்கை 16 ஆனது. ஜூடோ, சாம்போ, கராத்தே, முவாய் தாய், மல்யுத்தம் ஆகியவற்றோடு அமெச்சூர் சுமோவும் மூன்று முறையும் இடம்பெற்றது. மற்ற ஆட்டங்களை உன்னிப்பாகப் பார்ப்பவர்கள்கூட, சுமோ தொடங்கியதும் சற்றே சிரித்தபடி நாற்காலியில் சாய்ந்துவிடுகிறார்கள். பருத்த இருவர் முட்டிக்கொள்ளும் வேடிக்கை என்ற எண்ணம் அத்தனை ஆழமாக ஊன்றியிருக்கிறது. மோதலில் ஈடுபடும் விளையாட்டு வீரர்களின் மூட்டுகளுக்கும் தசைகளுக்கும் சிகிச்சை அளிக்கும் தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அந்த எண்ணம் தவறானது மட்டுமல்ல, சுமோவைப் பார்த்துவிட்டுத் தாமும் பழகிப் பார்க்க விரும்பும் இளைஞர்களுக்கு அது தீங்கும் செய்யும் என்று கருதுகிறேன். உடல் பருத்திருந்தால் போதும் என்று நம்பி வருபவர்தான் முதல் மாதத்திலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு வருகிறார்.

முதலில், தொழில்முறை சுமோவையும் அமெச்சூர் சுமோவையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜப்பானின் தொழில்முறைச் சுமோவில் எடைப்பிரிவே கிடையாது. 100 கிலோ எடையுள்ளவர் 180 கிலோ எடையுள்ளவரை எதிர்கொள்வது அங்கே அன்றாட நிகழ்ச்சி. சர்வதேச அமெச்சூர் சுமோவில் ஆண்களுக்கு 85 கிலோ வரை, 115 கிலோ வரை, அதற்கு மேல் என்றும், பெண்களுக்கு 65 கிலோ வரை, 80 கிலோ வரை, அதற்கு மேல் என்றும் பிரிவுகள் நீண்ட காலம் வழக்கில் இருந்தன; அண்மைக்காலத்தில் இவற்றுக்கு இடைப்பட்ட பிரிவுகளும் சேர்ந்துள்ளன. இவற்றோடு எந்த எடையினரும் மோதக்கூடிய திறந்த பிரிவு ஒன்றும் உண்டு. 85 கிலோ பிரிவைப் பார்ப்பவர்கள் வியந்துபோவார்கள். அங்கே நிற்பவர்களில் பலர் மல்யுத்த வீரர்களைப் போல இறுகிய உடல்வாகு கொண்டவர்கள். சுமோவை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு நான் பரிந்துரைப்பது இந்தப் பிரிவைத்தான். எடை ஏறக்குறைய சமமாக இருக்கும்போது நுட்பம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்.

விதி எளிமையானது. 4.55 மீட்டர் விட்டமுள்ள வட்டத்துக்கு வெளியே காலை வைத்தாலோ, உள்ளங்காலைத் தவிர உடலின் வேறெந்தப் பகுதியாவது தரையைத் தொட்டாலோ தோல்வி. பெரும்பாலான மோதல்கள் சில நொடிகளில் முடிந்துவிடும். முஷ்டியால் குத்துவது, முடியைப் பிடித்து இழுப்பது, கண்ணைத் தாக்குவது, கழுத்தை நெரிப்பது ஆகியவற்றுக்குத் தடை உண்டு. மூட்டை வளைத்துச் சரணடைய வைக்கும் பூட்டுகளோ, தரையில் புரளும் போராட்டமோ இல்லாததால், காகிதத்தில் படிக்கும்போது போர்க்கலைகளிலேயே இதுதான் பாதுகாப்பானது என்று தோன்றும். ஆனால் காயத்தின் வேர் அந்த எளிய விதிக்குள்ளேயே இருக்கிறது.

ஜூடோ பயில்பவர் முதல் வகுப்பில் கற்றுக்கொள்வது விழுவதற்கு. கையைத் தரையில் அறைந்து, முதுகை உருட்டி, அதிர்ச்சியைப் பரவலாக்கி விழும் முறை அவருடைய உடம்பில் ஊறிவிடுகிறது. சுமோவிலும் உருண்டு விழும் பயிற்சி உண்டு. ஆனால் ஆட்டத்தின்போது விழுந்தால் எல்லாம் முடிந்தது, கை தரையைத் தொட்டாலே தோல்வி. எனவே சமநிலை குலைந்த பிறகும் வீரர் விழ மறுக்கிறார். உடல் பின்னோக்கிப் போய்விட்டது, எதிராளியின் எடை முழுவதும் மேலே சாய்கிறது, ஆனால் குதிகால் வட்டத்தின் விளிம்பில் ஊன்றிய இடத்திலேயே நிற்கிறது. அந்தக் கணத்தில் முழங்கால் உள்நோக்கி மடங்கித் திருகுகிறது. முன் சிலுவைத் தசைநார் கிழிவதற்கும், உட்பக்கத் தசைநார் நைவதற்கும், குருத்தெலும்புப் பிறை சிதைவதற்கும் இதைவிட வாய்ப்பான நிலையை ஒருவர் திட்டமிட்டு உருவாக்க முடியாது. ஜூடோவிலிருந்தும் மல்யுத்தத்திலிருந்தும் சுமோவுக்கு மாறும் வீரர்களிடம் நான் முதலில் கேட்பது, விளிம்பில் எப்போது விட்டுக்கொடுப்பது என்று உங்கள் பயிற்சியாளர் சொல்லித் தந்திருக்கிறாரா என்பதுதான். பெரும்பாலும் பதில் ஒரு புன்னகையாகவே வரும்.

ஆகவே ஆட்டத்தைப் பார்க்கும்போது கண்களை மார்பிலிருந்தும் வயிற்றிலிருந்தும் இறக்கிக் கால்களில் வையுங்கள். தேர்ந்த வீரரின் பாதங்கள் தரையை விட்டு எழுவதே இல்லை; சுரியாஷி என்னும் முறையில் தரையை உரசியபடியே நகர்கின்றன. முழங்கால்கள் வெளிநோக்கித் திறந்து, கால் விரல்கள் சுட்டும் திசையிலேயே மடங்குகின்றன. இடுப்பு எதிராளியின் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்கிறது. தேர்ச்சி போதாதவரிடம் இது தலைகீழாக இருக்கும். பாதம் உயர்ந்து உயர்ந்து வைக்கப்படும், முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாயும், இடுப்பு மேலே எழும்பும். யார் வெல்வார் என்பதையும் யாருக்குக் காயம் நேரக்கூடும் என்பதையும் பெரும்பாலும் இந்த ஒரே அடையாளத்தைக் கொண்டு முன்கூட்டி அனுமானிக்கலாம்.

இந்தத் தாழ்ந்த, திறந்த நிலைக்கு உடலைத் தயாரிப்பவை ஷிகோவும் மாத்தாவாரியும். ஒரு காலை உயரத் தூக்கி நிறுத்தி, பிறகு தரையில் ஊன்றும் ஷிகோவைப் பலர் சடங்கு என்று நினைத்துக் கைத்தட்டுகிறார்கள். அதற்குச் சடங்குப் பொருளும் உண்டுதான். என் தொழிலின் கண்ணோட்டத்தில் அது ஒற்றைக்காலில் இடுப்பை நிலைநிறுத்தும் மிகச் சிறந்த பயிற்சிகளுள் ஒன்று. கால்களை இருபுறமும் முழுமையாக விரித்து மார்பைத் தரையில் படியவைக்கும் மாத்தாவாரி, தொடையின் உட்பக்கத் தசைகளுக்கு நீளத்தைத் தருகிறது. ஜப்பானில் பள்ளிப் பருவத்திலேயே இவற்றைத் தொடங்கியவருக்கும், இருபத்தைந்து வயதில் வேறொரு போர்க்கலையிலிருந்து வந்தவருக்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் மிகுதியாக வெளிப்படுகிறது. பின்னவர் வலிமையில் குறைந்தவர் அல்லர். அவருடைய இடுப்பு மூட்டு திறக்காது, அந்தப் பற்றாக்குறையை முழங்கால் ஈடுகட்ட நேர்கிறது. ஆனால் மாத்தாவாரியை ஒரே வாரத்தில் எட்டிவிட வேண்டும் என்று முதுகில் ஒருவரை உட்காரவைத்து அழுத்துவதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்கு மாதங்கள் ஆகும். சிலருடைய இடுப்பெலும்பின் அமைப்பு அதை முழுமையாக அனுமதிக்காமலும் போகலாம்.

தாச்சியாய் எனப்படும் தொடக்கப் பாய்ச்சல் அடுத்த ஆபத்து. தொழில்முறைச் சுமோவில் வீரர்கள் இருவரும் மூச்சு ஒத்துப்போகும் கணத்தில் தாமாகவே பாய்வார்கள். அமெச்சூர் சுமோவில் இருவரின் கைகளும் தரையில் ஊன்றியிருப்பதை உறுதிசெய்துகொண்டு, நடுவர் குரல் கொடுத்த பிறகே பாய்ச்சல் தொடங்கும். இருவரும் எதிரெதிரே நின்று பாயத் தொடங்கும் முன்கோடுகளுக்கு இடையில் உள்ள தூரம் 70 சென்டிமீட்டர்தான். ஆயினும் 115 கிலோவைக் கடந்த இருவர் அந்த இடைவெளியில் நேருக்கு நேர் மோதும்போது தலையும் கழுத்தும் தாங்கும் விசை சாதாரணமானதன்று. நெற்றியோடு நெற்றி மோதிய பின் ஒருவர் தள்ளாடினால், கண்கள் ஓரிடத்தில் நிலைக்காவிட்டால், எந்தப் பக்கம் நிற்பது என்று தடுமாறினால், அது மூளை அதிர்ச்சியாக இருக்கக்கூடும். நினைவு இழந்தால்தான் மூளை அதிர்ச்சி என்பது தவறான நம்பிக்கை. 2021 ஜனவரியில் தொழில்முறைப் போட்டி ஒன்றில், தலை மோதித் தள்ளாடிய வீரர் மீண்டும் ஆட அனுமதிக்கப்பட்டது பெரும் விவாதமானது. அதன் பிறகே அத்தகைய நிலையில் நடுவர்கள் ஆட்டத்தை நிறுத்தலாம் என்ற விதி அங்கே வந்தது. ஆடத் தயாரா என்று வீரரையே கேட்பது பயனற்ற கேள்வி. எந்தப் போர்க்கலையிலும் அதற்கு ‘இல்லை’ என்று பதில் சொல்பவரை நான் கண்டதில்லை.

அதே ஆண்டு மார்ச்சில் நடந்த ஆட்டத்தில் ஹிபிகிரியூ என்ற இளம் தொழில்முறை வீரர் தலைகுப்புற விழுந்து அசைவற்றுக் கிடந்தார். மருத்துவ உதவி தாமதமானது கடுமையான விமர்சனத்துக்கு உள்ளானது. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து அவர் மூச்சுச் செயலிழப்பால் காலமானார். அந்த வீழ்ச்சிக்கும் மரணத்துக்கும் நேரடித் தொடர்பு இருந்ததாக நிறுவப்படவில்லை. எனினும், கழுத்தில் அடிபட்டிருக்கக்கூடிய ஒருவரை யார், எவ்வளவு விரைவாக, எப்படி அணுகுவது என்பதைப் போட்டி தொடங்கும் முன்பே தீர்மானித்திருக்க வேண்டும் என்பதை அந்த நிகழ்ச்சி எல்லோருக்கும் உணர்த்தியது. தொழில்முறை வட்டம் உயர்த்திய களிமண் மேடையில் அமைந்தது. விளிம்பைத் தாண்டி விழுபவர் கீழே உள்ள தரைவரை விழுகிறார். பல சர்வதேச அமெச்சூர் போட்டிகளில் மெத்தை விரிப்பின் மேல் வட்டம் அமைப்பதால் அந்த வீழ்ச்சியின் ஆபத்து கணிசமாகக் குறைகிறது. மரபை விரும்பும் ரசிகர்கள் மெத்தையைப் பார்த்து முகம் சுளிப்பதுண்டு. எனக்கு அந்த மெத்தையைப் பார்த்தால் நிம்மதியாக இருக்கும்.

பாதுகாப்பு முழுவதும் வெளியிலிருந்து திணிக்கப்பட்டது என்று எண்ணிவிட வேண்டாம். சுமோவின் பழைய நெறிகளுக்குள்ளேயே நுண்ணறிவோடு கூடிய ஓர் ஏற்பாடு இருக்கிறது. இருவரும் சேர்ந்து விழும்போது, கீழே இருப்பவர் மீளமுடியாத நிலையை அடைந்துவிட்டிருந்தால், அவர்மேல் தன் முழு எடையும் விழாமல் இருக்க மேலே இருப்பவர் முதலில் கையூன்றினாலும் அது தோல்வியாகக் கொள்ளப்படாது. இதற்குக் கபாய்தே என்று பெயர். எதிராளியைக் காப்பதற்காக ஊன்றிய கையா, தன்னைக் காத்துக்கொள்ள ஊன்றிய கையா என்பதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் தீர்மானிக்க வேண்டியிருப்பதால் நடுவர்கள் கூடி ஆலோசிப்பதுண்டு. வட்டத்தைச் சுற்றி அமர்ந்திருப்பவர்கள் எழுந்து நடுவில் கூடினால், பொறுமையிழக்காமல் மறுஒளிபரப்பில் அந்தக் கையைத் தேடிப் பாருங்கள்.

எடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1995இல் அமெச்சூர் உலகச் சாம்பியன் பட்டத்தைத் திறந்த பிரிவில் வென்ற அமெரிக்கர் இம்மானுவேல் யார்ப்ரோ 300 கிலோவுக்கும் மேற்பட்ட எடை கொண்டவர்; 2015இல் தமது 51ஆம் வயதில் காலமானார். பயிற்சியில் இருக்கும் சுமோ வீரர்களின் கொழுப்பில் பெரும்பகுதி உள்ளுறுப்புகளைச் சுற்றிச் சேராமல் தோலுக்கு அடியில் தங்குகிறது என்றும், அவர்களுடைய தசை நிறை மிக அதிகம் என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. இதை மேற்கோள் காட்டி, பருமன் தீங்கற்றது என்று வாதிடும் இளைஞர்கள் என்னிடம் வருவதுண்டு. பயிற்சி நின்ற பிறகு அந்தப் பாதுகாப்பு நீடிப்பதில்லை. ஜப்பானியத் தொழில்முறை மல்லர்களின் இறப்பு வீதம் பொதுமக்களில் உள்ள ஆண்களைவிட அதிகம் என்பதும் ஆய்வுகளில் பதிவான உண்மையே. தெருநோஃபுஜி என்ற மங்கோலிய வம்சாவளி வீரர் முழங்கால் காயங்களாலும் நீரிழிவாலும் இரண்டாம் உயர்ந்த தகுதிநிலையிலிருந்து ஐந்தாம் பிரிவுவரை சரிந்து, பிறகு மீண்டெழுந்து 2021இல் சுமோவின் மிக உயர்ந்த தகுதிநிலையான யோகொசுனாவை எட்டிய 73ஆவது வீரர் ஆனார். எல்லோரும் அந்த மீட்சியைக் கொண்டாடுகிறார்கள். அவர் சரிந்ததற்கான காரணங்களையும் சேர்த்துப் படியுங்கள் என்பது என் வேண்டுகோள். அமெச்சூர் சுமோவில் 85 கிலோவில் நிற்கும் ஒருவருக்கு எடை கூட்ட வேண்டிய கட்டாயமே இல்லை. அவருக்கென்று தனிப்பிரிவும் பதக்கமும் இருக்கின்றன. இந்த ஆட்டத்தின் மிகப்பெரிய மருத்துவ நன்மை இதுவே என்பேன். எடைப்பிரிவுக்குள் அடங்குவதற்காகக் கடைசி நேரத்தில் நீரை வற்றச்செய்யும் பழக்கம் மற்ற போர்க்கலைகளிலிருந்து இங்கேயும் நுழைந்திருப்பது அதற்கு நேர்மாறான தொல்லை.

பெண்கள் பிரிவைத் தவறவிடாதீர்கள். பெண்களுக்கான உலகச் சாம்பியன் போட்டி 2001இல் தொடங்கியது. தொழில்முறை வட்டத்திலோ பெண்கள் காலடி வைக்கக்கூட இன்றுவரை அனுமதியில்லை. 2018 ஏப்ரலில் ஜப்பானின் மைசுரு (Maizuru) நகரில் வட்டத்துக்குள் மயங்கி விழுந்த மேயருக்கு முதலுதவி அளிக்க ஓடிவந்த பெண்களை வெளியேறுமாறு ஒலிபெருக்கியில் அறிவித்ததும், பின்னர் ஜப்பான் சுமோ சங்கத்தின் தலைவர் மன்னிப்புக் கேட்டதும் உலகச் செய்தியாயின. மார்பை அழுத்தி உயிர்காக்கும் கைகளுக்குப் பால் பேதம் கிடையாது. மருத்துவத் தொழிலில் உள்ள எவருக்கும் இதில் இரண்டாம் கருத்து இருக்காது. அமெச்சூர் வட்டத்தில் மோதும் பெண்களின் ஆட்டம் நுட்பத்தில் எவ்விதத்திலும் குறைந்ததன்று. ஆயினும் முன் சிலுவைத் தசைநார்க் காயம் திசைமாறி ஊன்றும் விளையாட்டுகளில் பெண்களுக்கு அதிகம் நேர்வது நன்கு அறியப்பட்டது என்பதால், மோதல் பயிற்சிக்கு முன் தொடையின் பின்தசைகளையும் இடுப்பின் பக்கத் தசைகளையும் வலுவாக்கும் கட்டத்தை அவர்கள் எக்காரணம் கொண்டும் தாண்டக்கூடாது.

போட்டிகளை நேரலையில் தொடர்பவர்கள் ஒரு வீரரின் முதல் மோதலையும் கடைசி மோதலையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். தொழில்முறைச் சுமோவில் முன்னணி வீரருக்கு ஒரு நாளைக்கு ஒரே மோதல். 15 நாள் நீடிக்கும் போட்டி ஆண்டுக்கு ஆறு முறை வருவதால் காயம் ஆறுவதற்கு அங்கே நேரமில்லை. அமெச்சூர் போட்டியில் சில மணி நேரத்துக்குள் பல மோதல்கள். தோற்றவருக்கும் வெண்கலத்துக்கான மறுவாய்ப்புச் சுற்று உண்டு. தம் எடைப்பிரிவில் ஆடிக் களைத்தவர் திறந்த பிரிவிலும் பெயர் கொடுத்திருந்தால், களைத்த கால்களோடு தம்மைவிட இருமடங்கு எடையுள்ளவரைச் சந்திக்க நேரலாம். காலையில் திறந்திருந்த முழங்கால்கள் மாலையில் உள்நோக்கிச் சாயத் தொடங்கியிருந்தால், இடைவேளையில் உடல் குளிர்ந்தபின் ஷிகோகூடச் செய்யாமல் அவர் வட்டத்துக்குள் நுழைந்தால், அவரைத் திறந்த பிரிவிலிருந்து விலக்கிக்கொள்வதே பயிற்சியாளரின் கடமை. இளம் வீரர்களின் பெற்றோர் அந்த முடிவைப் பயிற்சியாளரிடம் கேட்டுப் பெறத் தயங்க வேண்டியதில்லை. பட்டியலில் பெயர் ஏறிவிட்டது என்பது ஆடியே தீரவேண்டிய காரணமாகாது.