ரீவி அறைக்குக் குறை சொல்லும் வாய், சொந்த வீட்டு வேலையில் ஏன் மூடிக்கொள்கிறது?

வீட்டு அலங்கார நிகழ்ச்சியை யாழ்ப்பாணத்தில் யாரும் வாய்பொத்திக்கொண்டு பார்ப்பதில்லை. வீட்டாரின் கண்ணைக் கட்டிக் கூட்டிவந்து புது அறையைக் காட்டும் கடைசிக் கட்டத்தில், ஹோலில் இருக்கிற எல்லோரும் நீதவான்கள். "உந்தக் கறுப்புச் சுவர் என்னத்துக்கு?" "அவ்வளவு கண்ணாடியையும் ஆர் துடைக்கிறது?" "அலுமாரி எங்க? உடுப்பெல்லாம் எங்க வைக்கிறது?" கனடாவில் இருக்கும் மகள் வைபரில் அனுப்பிய யூடியூப் காணொலி என்றாலும் விசாரணை இதேதான்.

உள்ளக வடிவமைப்பு என் தொழில். அந்தக் கேள்விகளைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அவற்றில் பெரும்பாலானவை சரியான கேள்விகள். படித்தவர்கள் தவறவிடுவதை, வாழ்நாள் முழுக்கக் கூட்டித் துடைத்த ஓர் அம்மா ஒரே பார்வையில் பிடித்துவிடுவார். என் கவலை வேறு. அதே குடும்பம் அடுத்த கிழமை கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டி, "இதைப் போலவே செய்து தாங்கோ" என்று வந்து நிற்கும். அப்போது அந்தக் கேள்விகளில் ஒன்றும் வாயில் வராது. மேசனிடமும் கேட்பதில்லை, என்னிடமும் கேட்பதில்லை.

இந்த வகை நிகழ்ச்சிகளில் பெயர்போனது பிபிசி 1996 இல் தொடங்கிய 'சேஞ்சிங் ரூம்ஸ்'. இரண்டு வீட்டார் வீடு மாறி நின்று, வடிவமைப்பாளர் ஒருவரின் சொற்படி மற்றவரின் அறையை மாற்றியமைப்பார்கள். இரண்டு நாள், 500 பவுண். 2000 இல் அமெரிக்காவில் அது 'ட்ரேடிங் ஸ்பேசஸ்' ஆனபோது தொகை 1000 டொலரானது. நாள் கணக்கு மாறவில்லை. அதில் ஹில்டி சான்டோ தோமஸ் என்ற வடிவமைப்பாளர் ஒரு வீட்டில் சுவர் முழுக்க வைக்கோலை ஒட்டிவைத்தார். டக் வில்சன் என்பவர், தொடவேண்டாம் என்று வீட்டார் சொல்லியிருந்த கணப்படுப்பைப் பலகை அடித்து மறைத்தார்; வீட்டுக்காரப் பெண் வெளியே போய் அழுத சத்தம் ஒலிவாங்கியில் பிடிபட்டு அப்படியே ஒளிபரப்பானது. பிரித்தானிய நிகழ்ச்சியில் லிண்டா பார்க்கர், வீட்டார் ஆசையாகச் சேர்த்த பழைய தேநீர்ச் சாடிகளைத் தொங்கும் தட்டொன்றில் அடுக்க வைத்தார். தட்டு இரவோடு இரவாக விழுந்தது. சாடிகள் நொறுங்கின.

இவற்றைப் பார்த்தவர்கள் இன்றுவரை திட்டுகிறார்கள். திட்டட்டும். ஆனால் வைக்கோல் அழகா அசிங்கமா என்ற வாதம் எனக்குப் பெரிதில்லை. வைக்கோல் சுவரைப் பற்றி நம்மூர் ஆச்சி ஒருவர் கேட்கக்கூடியது "எலி வராதோ?" என்பதாக இருக்கும். கணப்படுப்பைப் பற்றி, "அந்தப் பிள்ளை வேண்டாம் எண்டு சொன்னதெல்லோ?" தேநீர்ச் சாடியைப் பற்றி, "உந்தத் தட்டு அவ்வளவு பாரம் தாங்குமோ?" பராமரிப்பு, வீட்டாரின் சொல், பாரம். ஒரு வடிவமைப்பாளரைச் சோதிக்க இந்த மூன்றும் தாராளம். நிறத்தையும் குஷனையும் நான் இங்கே தொடப்போவதில்லை; பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம்.

நிகழ்ச்சிக்காரருக்கு வேண்டியது கதவு திறக்கும்போது வருகிற முகபாவம். அகலக் காட்டும் வில்லை, நாலு பக்கமும் விளக்கு, ஒரு வயரோ செருப்போ இல்லாத நிலம். பத்துக்குப் பத்து அறையும் மண்டபமாகத் தெரியும். அது அவர்களுடைய தொழில், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் மாரி வரும்போது படப்பிடிப்புக் குழு அங்கே இருக்காது.

இரண்டு நாள் கணக்கை எடுங்கள். சீமெந்துப் பூச்சு போட்டால் தண்ணீர் விட்டு முற்ற விடவேண்டும், பிறகு ஈரம் காயவேண்டும். பெயின்ற் பூச ஏறக்குறைய 4 கிழமை பொறுப்பது நல்லது. கொங்கிறீட்டுக்கும் 28 நாள் என்பதுதான் பொதுவான கணக்கு. இங்கே என்ன நடக்கிறது? வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் ஆடி, ஆவணியில் திருவிழாவுக்கு வருகிறார்கள், ஆறாம் மாதக் கடைசியில் பூச்சு வேலை தொடங்குகிறது. ஈரச் சுவரில் பெயின்ற் அடித்து, படம் எடுத்து, நல்லூர்த் தேர் முடிந்து எல்லோரும் விமானம் ஏறிவிடுவார்கள். கார்த்திகையில் சுவரில் உப்புப் பூக்கும். வயதான அம்மா தும்புத்தடியால் தட்டித் தட்டிக் கூட்டுவார். அவரிடம் போய்க் கேட்டால், "மகள் ஆசைப்பட்டுச் செய்தது, பிழை சொல்லக்கூடாது" என்பார்.

வாய் மூடிக்கொள்கிற காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். காசு அனுப்புகிறவர் ஒருவர், அந்த அறையில் படுத்தெழும்புகிறவர் இன்னொருவர். ரீவியில் வருகிற வெள்ளைக்காரரின் வீட்டைக் குறை சொன்னால் யாருக்கும் மனம் நோகாது. மகள் அனுப்பிய படத்தைக் குறை சொன்னால் நோகும். அதனால் நான் இப்போது வேலை தொடங்க முன்னர் இரண்டு பேரோடும் தனித்தனியாகக் கதைக்கிறேன். அம்மாவோடு கதைப்பது குசினியில். அங்கேதான் அவர் மனம்விட்டுச் சொல்லுவார்.

கோண்டாவில் பக்கம் ஒரு வீட்டில் அப்படித்தான் நடந்தது. குசினிக்கும் ஹோலுக்கும் இடையிலான சுவரை உடைத்து ஒன்றாக்கவேண்டும் என்பது கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் மகளிடமிருந்து வந்த கட்டளை. ரீவியில் பெரிய சுத்தியலை வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்து, சிரித்துச் சிரித்து உடைக்க விடுவார்களே, அதைப் பார்த்த ஆசை. அம்மா என்னிடம் மெல்லச் சொன்னது: "தங்கச்சி, மீன் பொரிக்கிற மணம் முழுக்க ஹோலுக்கு வருமெல்லே. ஆக்கள் வந்தால் சட்டி பானையெல்லாம் தெரியும்." அது போதுமான காரணம். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் பூச்சுக்குள்ளே இருந்தது.

சுவரில் ஒரு சாண் அகலத்துக்குப் பூச்சைக் கொத்திப் பார்த்தோம். ஒரு பக்கம் சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய பழைய கல்லுச் சுவர். மறுபக்கம் சீமெந்துக் கல். இரண்டும் சந்திக்கிற இடத்தில் மேலிருந்து கீழாக நேர்கோடு. ஒரு கல்லாவது மற்றதுக்குள் பின்னிப் போகவில்லை. ஷெல் விழுந்து அந்தப் பக்கம் இடிந்தது, திரும்பி வந்தபோது கையிலிருந்த காசுக்குக் கட்டியது என்று அம்மா அப்போதுதான் சொன்னார். மேலே கூரை வளை அந்த மூட்டுக்கு மேலேதான் இருந்தது. சுத்தியல் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் எழுதத் தேவையில்லை. பொறியியலாளர் ஒருவரை அழைத்துக் காட்டினோம். கடைசியில், பழைய கல்லுப் பக்கத்தில் லிண்டல் (திறப்புக்கு மேலே பாரம் தாங்கும் குறுக்கு வளை) போட்டு ஒரு பரிமாறும் யன்னல் மட்டும் வைத்தோம். ஸ்காபரோ முதலில் முகம் சுளித்தது. கொத்திய இடத்தின் படத்தை அனுப்பிய பிறகு சரி.

1995 போர்க்கால இடப்பெயர்வுக்கு முன்னர் கட்டி, சேதப்பட்டு, பிறகு திருத்திய வீடுகள் குடாநாட்டில் ஏராளம். வெளியே ஒரே பெயின்ற், உள்ளே இரண்டு மூன்று காலத்துச் சுவர். ரீவியில் சுவர் உடைக்க முன்னர் ஒருவர் வந்து பார்த்திருப்பார். அந்தக் காட்சி சுவாரசியம் இல்லை என்று வெட்டியிருப்பார்கள். உங்கள் வீட்டில் அந்த ஆளை நீங்கள்தான் கூப்பிடவேண்டும். "இந்தச் சுவர் கூரையைத் தாங்குதோ?" என்று மேசனிடம் கேட்டு, "இல்லை, பிரச்சினையில்லை" என்ற பதிலோடு திருப்திப்படாதீர்கள். கொத்திக் காட்டச் சொல்லுங்கள்.

பழைய கதவு, யன்னலுக்கு வருகிறேன். தலைமுறையாக எனாமல் பூசிப் பூசித் தடித்த கதவை மெசின் போட்டு உரஞ்சி, மரநிறத்தைக் கொண்டுவருவது ரீவியில் பார்க்க அருமையாக இருக்கும். பழைய எனாமலில் ஈயம் இருக்கலாம். அமெரிக்கா வீட்டுப் பெயின்றில் ஈயத்தை 1978 இலேயே தடைசெய்தது. நம் வீட்டுக் கதவுகள் பலவற்றில் அடிப்பூச்சு அதைவிடப் பழசு. அந்தத் தூசு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உலர உரஞ்சாமல் நனைத்து உரஞ்சவேண்டும், வீட்டுக்கு வெளியே வைத்துச் செய்யவேண்டும், சின்னப் பிள்ளைகளை அன்றைக்கு வேறு வீட்டுக்கு அனுப்பிவிடவேண்டும். பழைய அஸ்பெஸ்டஸ் சீற்றை கிறைண்டரால் வெட்ட நிற்கிறவரையும் தயவுசெய்து மறியுங்கள். அந்தத் தூசு சுவாசப்பைக்குள் போனால் வெளியே வராது.

இப்போது எல்லோரும் கேட்பது சீலிங். ஓட்டு வீட்டின் உயரமான கூரைக்குக் கீழே பிவிசி என்ற பிளாஸ்ரிக் பலகை அடித்து, ஓரத்தில் நீல வெளிச்சம் ஓட விடவேண்டும். பழைய யாழ்ப்பாண வீட்டில் ஓட்டுக்கும் தலைக்கும் நடுவே இருக்கிற அந்த வெறுமைதான் பங்குனி, சித்திரை வெக்கையைத் தாங்குகிறது. அந்த உயரத்தைக் குறைத்து, காற்றுத் துவாரத்தையும் அடைத்துவிட்டு, பிறகு ஏசி பூட்டி மின்சார பில்லைப் பார்த்துத் திடுக்கிடுகிறார்கள். ஓடு ஒன்று வெடித்து ஒழுகினாலும் கீழே தெரியாது. கைமரத்தில் கரையான் ஏறினாலும் தெரியாது. அடித்தே ஆகவேண்டும் என்றால் ஏறிப் பார்க்க ஒரு மூடி விடச் சொல்லுங்கள், காற்றுத் துவாரத்தைத் திறந்து விடுங்கள்.

சுவாமி அறையில் மட்டும் நான் பிடிவாதக்காரி. அங்கே பிவிசி வேண்டாம். அது ஏறக்குறைய 80 பாகை செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். எரிந்தால் ஐதரசன் குளோரைட்டு வாயு வரும், மூச்சை அடைக்கும். குத்துவிளக்குத் திரியின் நேர் மேலே கையைப் பிடித்துப் பாருங்கள், எவ்வளவு உயரம்வரை சுடுகிறது என்று தெரியும். சட்டம் போட்ட படங்கள், பிளாஸ்ரிக் மாலை, அதற்குப் பின்னால் பளபளக்கும் பலகை, கீழே தூண்டாமணி விளக்கு. ஒரு வீட்டில் அம்மன் படத்துக்கு மேலே பலகை தண்ணீர் பட்ட கடதாசிபோல நெளிந்து தொங்கியதைக் கண்டிருக்கிறேன். வீட்டார் அதை "வெயிலுக்கு வளைஞ்சது" என்று நினைத்திருந்தார்கள். அந்த அறைக்கு வெயிலே வராது. வெறும் சீமெந்துப் பூச்சும் வெள்ளைச் சுண்ணாம்பும் போதும். புகை பிடித்தால் வருசத்துக்கு ஒருமுறை அடித்துவிடலாம்.

"ஆர் துடைக்கிறது?" என்ற கேள்விக்கு இங்கே விசேட பெறுமதி உண்டு. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள் இருந்து வருவது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு குளியலறைக் கண்ணாடிக் கதவிலும் கறுப்பு ரைல்ஸிலும் படியும். லண்டனிலும் கடினத் தண்ணீர்தான். ஆனால் ரீவியில் அந்தக் கண்ணாடி தண்ணீரே காணாத கண்ணாடி. படிவு தெரியாத வெளிர் நிறமும், கண்ணாடிக்குப் பதிலாக அரைச் சுவரும் வைத்தால் அம்மாவின் முதுகு தப்பும். குருநகர், பாசையூர், ஊர்காவற்றுறைப் பக்கம் கடற்காற்று என்பதால், சீலிங் தாங்கும் இரும்புச் சட்டத்துக்கும் துருப்பிடிக்காத ஆணிக்கும் கொஞ்சம் கூடக் காசு ஒதுக்குங்கள்.

நிலம். காவி போட்டு மினுக்கிய பழைய சீமெந்து நிலத்தை உடைக்கச் சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, வீட்டில் எழுபது வயதுக்கு மேல் யாராவது இருக்கிறார்களா என்று. ரீவியில் முகம் தெரிகிற பளிங்கு நிலத்தில் ஈரக்காலோடு யாரும் நடப்பதில்லை. சில ரைல்ஸ் பெட்டிகளில் ஆர்9 முதல் ஆர்13 வரை ஒரு குறி இருக்கும். இலக்கம் கூடக்கூட வழுக்கல் குறைவு. குளியலறைக்கு ஆர்10 க்குக் குறையாமல் கேளுங்கள். குறி இல்லையென்றால் கடையிலேயே ஒரு ரைல்ஸைக் கீழே வைத்து, தண்ணீர் ஊற்றி, வெறுங்காலால் மிதித்துப் பாருங்கள். கடைக்காரர் ஒருமாதிரிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

ரீவி பார்ப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த முறை பார்க்கும்போது வீட்டார் சொல்லுகிற குறைகளைக் கொப்பி ஒன்றில் ஒருவர் எழுதிவையுங்கள், அம்மம்மா சொல்லுகிறதை முதலில். வேலை தொடங்குகிற அன்று அந்தக் கொப்பியோடு வாருங்கள். நான் காட்டும் படத்தைப் பார்த்து அதே கேள்விகளை அதே குரலில் கேளுங்கள்; "பெரிய ஆள், என்ன நினைப்பாவோ" என்று தயங்கவேண்டாம். பதில் சொல்ல முடியாத வடிவமைப்பாளர் என்றால் தேநீர் கொடுத்து அனுப்பிவிடலாம்.

இன்னொன்று, காசு விஷயம். பெரிய கட்டட ஒப்பந்தங்களில் கடைசிப் பங்கு ஒன்றை நிறுத்திவைத்து, குறை நிவர்த்திக் காலம் முடிந்த பிறகு கொடுப்பது வழக்கம். வீட்டு வேலைக்கும் அப்படி எழுதலாம். ஒரு பங்கை மார்கழி முடியும்வரை நிறுத்திவையுங்கள். ஒழுகாமல், உப்புப் பூக்காமல், பலகை ஊதாமல் இருந்தால் தையில் கொடுங்கள். மேசன் முறைப்பார், ஓடாவி முறைப்பார், நானும் கொஞ்சம் முறைப்பேன். தொடக்கத்திலேயே எழுதிக் கையெழுத்து வைத்துவிட்டால் எங்களால் ஒன்றும் சொல்ல முடியாது.