கொம்போசிற்றிங்: அடுக்கிணைப்பு

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ கலியாண வீடியோ செய்யும் ஸ்ரூடியோவில் கேட்டால் ‘மிக்சிங்’ என்பார்கள். கணினி அசைவூட்டம் படிக்கும் பிள்ளைகள் ‘கொம்போசிற்றிங்’ என்பார்கள். இன்னும் சிலர் எல்லாவற்றையும் ‘எடிற்றிங்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிடுவார்கள். எடிற்றிங் வேறு வேலை. அது காட்சிக்குப் பின் காட்சியாக நேரத்தில் தொடுப்பது. படத்தொகுப்பு என்ற நல்ல சொல் அதற்கு நிலைத்துவிட்டது. கொம்போசிற்றிங் நடப்பது ஒரே பிரேமுக்குள். வெவ்வேறு இடத்தில், வெவ்வேறு நேரத்தில் உண்டான படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, ஒரே கமெரா ஒரே தடவையில் எடுத்ததுபோல ஆக்குவது அது. இரணைமடு அணைக்கட்டை ஃபோனில் எடுத்து, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்த யானையொன்றை அதன்மேல் நடக்கவிட்டால், அந்தக் கடைசிக்கட்ட வேலைதான் கொம்போசிற்றிங்.

சொல்லின் வேர் இலத்தீன். ‘கொம்’ என்றால் ஒன்றாக, ‘பொனெரே’ என்றால் வைத்தல். ஒன்றாக வைத்தல் என்பதே மூலப்பொருள். அதே வேரில் பிறந்த ‘கொம்போசிற்றர்’ அச்சகங்களில் வெகுகாலம் இருந்த சொல். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாய் எடுத்து வரியாக அடுக்கியவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள், தமிழில் அச்சுக்கோப்பாளர். பாடசாலையில் இன்னொரு கிளையைப் படிக்கிறோம்: 12 ஒரு ‘கொம்போசிற்’ எண், தமிழில் சேர்த்தி எண்.

இந்த இரண்டு தமிழ்ச் சொற்களில் ஒன்றை இங்கே எடுத்துக்கொள்ளலாமா? ‘கோத்தல்’ பக்கத்தில் பக்கத்தில் வைப்பது; இங்கே படங்கள் மேலும் கீழுமாகக் கிடக்கின்றன. ‘சேர்த்தி’யில் வேறு சிக்கல். 2, 2, 3 ஆகியவற்றை எந்த ஒழுங்கில் பெருக்கினாலும் 12 வரும். படங்களில் ஒழுங்கு மாறினால் விடை மாறும். பனைக்குப் பின்னால் போகவேண்டிய யானை பனைக்கு முன்னால் வந்துவிடும். இணையத்தில் அடிக்கடி காணும் ‘படக்கலவை’யும் இதே காரணத்தால் பொருந்தாது. கலந்த பிறகு எது மேலே, எது கீழே என்று கேட்க முடியாது. கொம்போசிற்றிங்கிலோ முழு வேலையும் அந்தக் கேள்விதான். ஆகவே ‘அடுக்கிணைப்பு’ என்பதே எங்கள் தெரிவு. லேயரை ஏற்கெனவே அடுக்கு என்கிறோம். அடுக்கு என்றால் மேல் கீழ் உண்டு. இணைப்பு என்றால் தையல் தெரியக்கூடாது. செய்பவர் அடுக்கிணைப்பாளர்.

வேலை கணினிக்கு முந்தியது. 1898இலேயே பிரெஞ்சுப் படக்காரர் ஜோர்ஜ் மெலியே படச்சட்டத்தின் ஒரு பகுதியைக் கறுப்பால் மறைத்து எடுத்து, பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறைத்த இடத்தில் இன்னொன்றை எடுத்தார். அந்த மறைப்புக்கு ‘மற்’ என்று பெயர். மறைப்பு என்ற தமிழ்ச் சொல்லே அதற்குப் போதும். கணினியில் அந்த மறைப்பு எண்ணாக மாறியது. 1970களின் இறுதியில் நியூயோர்க் தொழில்நுட்பக் கழகத்தில் எட் கட்மலும் அல்வி றே ஸ்மித்தும் சிவப்பு, பச்சை, நீலத்தோடு நான்காவது தடமாக அதைப் படத்துக்குள்ளேயே வைத்தார்கள். இரு படங்களை விகிதப்படி சேர்க்கும் சமன்பாட்டில் அந்த விகிதத்தைக் குறித்த கிரேக்க எழுத்து அல்பா. தடத்துக்கும் அதுவே பெயரானது. 1984இல் தோமஸ் போட்டரும் ரொம் டஃப்பும் எழுதிய ஆய்வுக்கட்டுரை, ‘இதன்மேல் அது’, ‘இதற்குள் அது’ என்று அடுக்கும் வகைகளைக் கணிதமாக வரையறுத்தது. இன்றைய மென்பொருள்கள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.

அல்பாவைத் தமிழில் மறைப்பளவு எனலாம். 1 என்றால் பின்னாலிருப்பது முழுதாக மறையும், 0 என்றால் மறையவே மறையாது. புதிதாகப் படிப்பவர்கள் அதிகம் தடுக்கி விழுவது 0க்கும் 1க்கும் நடுவில், அதாவது ஓரங்களில்.

யானையின் காதோரத்தில் ஒரு பிக்சலை எடுத்துக்கொள்வோம். கணக்கு இலகுவாக இருக்கட்டும் என்று அதன் ஒளியளவு 1.0, மறைப்பளவு 0.5, பின்னாலுள்ள வானம் 0.8 என்று வைப்போம். படத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். நேர்முறையில் நிறம் 1.0 என்றே இருக்கும். முன்பெருக்கிய முறையில் நிறம் ஏற்கெனவே மறைப்பளவால் பெருக்கப்பட்டு 0.5 ஆக இருக்கும். முன்பெருக்கிய படத்துக்கான சூத்திரம்: முன்படம் + (1 − மறைப்பளவு) × பின்படம். 0.5 + 0.5 × 0.8 = 0.9. இது சரியான விடை. இதே படத்தை நேர்முறைப் படம் என்று மென்பொருளுக்குச் சொல்லிவிட்டால் அது இன்னொரு தடவை பெருக்கும்: 0.25 + 0.4 = 0.65. யானையைச் சுற்றிக் கரிக்கோடு விழுவது இதனால்தான். மறுவளமாக, நேர்முறைப் படத்தை முன்பெருக்கியது என்று சொன்னால் 1.0 + 0.4 = 1.4, ஓரம் வெள்ளையாய் எரியும். கோடு விழுந்தவுடன் மறைப்பை ஒரு பிக்சல் உள்ளே சுருக்கி அதை ஒளிக்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. அது தவறு, மயிரும் வாலின் நுனியும் அதோடு போய்விடும். பிஎன்ஜி கோப்பு நேர்முறை, ஓப்பின் ஈஎக்ஸ்ஆர் முன்பெருக்கியது. கோப்பைத் திறக்கும் இடத்திலேயே இதைச் சரியாகக் குறித்தால் கோடு வராது. நிறம் திருத்தும்போதும் முதலில் மறைப்பளவால் வகுத்து, திருத்தி, மீண்டும் பெருக்கவேண்டும்.

முன்பெருக்கிய முறைக்கு இன்னொரு பலன் உண்டு. வற்றாப்பளைப் பொங்கலுக்கு முன்னர் முள்ளியவளை காட்டு விநாயகர் கோயிலில் உப்புநீரில் எரியும் விளக்கை ஒருவர் அசைவூட்டமாகச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சுடர் ஒளியைக் கூட்டுகிறது, ஆனால் பின்னாலிருப்பதை அநேகமாக மறைப்பதில்லை. முன்பெருக்கிய படத்தில் நிறம் 0.9, மறைப்பளவு 0 என்று எழுதலாம். மேலுள்ள சூத்திரத்தில் போட்டால் பின்படத்தோடு 0.9 கூடும், சுடர் ஒளிரும். நேர்முறையில் 0ஆல் பெருக்கியவுடன் சுடரே இல்லாமல் போகும். புகை அப்படியல்ல, அது மறைக்கும், ஆகவே அதற்கு மறைப்பளவு வேண்டும். சுடரையும் புகையையும் தனித்தனி அடுக்காக எடுப்பது இதற்காகவே.

இனி அந்த யானையை அணைக்கட்டில் ஏற்றுவோம். ஃபோனை முக்காலியில் வைத்து, வெளிச்சத்தையும் வெண்சமநிலையையும் (வைற் பலன்ஸ்) பூட்டி எடுக்கவேண்டும். பல ஃபோன்கள் பிரேம் வேகத்தை அவ்வப்போது மாற்றிக்கொள்ளும். அந்த வீடியோவை அப்படியே போட்டால் யானையின் கால் நிலத்தில் வழுக்கும். முதலில் விநாடிக்கு 25 என்று நிலையான வேகத்துக்கு மாற்றி, தனித்தனிப் படங்களாக வைத்துக்கொள்வது நல்லது. பிளெண்டரில் ‘பிலிம்’ பகுதியில் பின்னணியை ஒளிபுகவிட்டு, 32 பிற் பல்லடுக்கு ஈஎக்ஸ்ஆராக றெண்டர் செய்தால் (கணினி காட்சியைக் கணக்கிட்டுப் படமாக்கினால்) யானை, நிழல், பொருள்வாரி மறைப்பான கிறிப்ரோமற் எல்லாம் ஒரே கோப்பில் வரும். தூர அடுக்கை மறைப்பாகப் பாவிக்கவேண்டாம். ஒரு பிக்சலுக்கு ஒரே தூரம்தான் என்பதால் ஓரம் பல்லுப்பல்லாய்த் தெரியும்.

அடுக்கும் ஒழுங்கு: அணைக்கட்டின் வீடியோ, அதன்மேல் நிழல், அதன்மேல் யானை, அதன்மேல் முன்னால் நிற்கும் பனை, எல்லாவற்றுக்கும் மேல் படமணல், அதாவது கமெராப் படத்தில் தூவியதுபோல் தெரியும் நுண்புள்ளிகள். பனையின் அடிமரத்துக்குக் கையால் கோடு போட்டு மறைப்பு வெட்டலாம். ஓலைக்கு அப்படி வெட்ட முனைந்தால் ஒரு கிழமை போய்விடும். ஓலை வானத்தைவிட இருண்டது. அந்த வெளிச்ச வித்தியாசத்தைக் கொண்டே மறைப்பை எடுத்துக்கொள்ளலாம்.

நிழல் கறுப்பல்ல. மத்தியான வெயிலில் சூரியன் மறைந்த இடத்துக்கும் வானத்து ஒளி வரும், ஆகவே நிழலில் நீலம் இருக்கும். அணைக்கட்டின் கிரவல் பாதை சிவப்பு. அந்தச் சிவப்பு யானையின் அடிவயிற்றில் பட்டுத் தெறிக்கவேண்டும். இதை விட்டால் எவ்வளவு நன்றாக மொடல் செய்தாலும் யானை ஒட்டுப்படம் போலவே நிற்கும். வீடியோவில் மிக இருண்ட இடத்தின் அளவைப் பார்த்து, யானையின் இருட்டு அதற்குக் கீழே போகாமல் பிடிக்கவேண்டும். தூரத்தில் நிற்பதென்றால் இன்னும் கொஞ்சம் வெளிறவிடவேண்டும்.

இந்தக் கணக்கெல்லாம் ஒளியின் நேர் அளவில், அதாவது ஒளி இரண்டு மடங்கானால் எண்ணும் இரண்டு மடங்காகும் அளவில், நடந்தால்தான் சரிவரும். கறுப்பையும் வெள்ளையையும் பாதிப் பாதி சேர்த்தால், நேர் அளவில் கணக்கிட்டுத் திரைக்கு மாற்றும்போது 255க்கு ஏறக்குறைய 188 வரும். திரைக்காக வளைத்த எண்களையே நேரே கூட்டிப் பாதியாக்கினால் 128தான். ஓரங்களும் அசைவு மங்கலும் அழுக்காய்த் தெரிவதற்கு இது அடிக்கடி காரணம்.

யானைக்குப் பதில் ஒரு பிள்ளையைப் பச்சைத் துணிக்கு முன் நிறுத்தி எடுப்பதானால், மறைப்பை நிறத்திலிருந்து எடுக்கவேண்டும். ‘கீயிங்’ என்ற அதற்கு நிறநீக்கம் என்பது விளங்கும் சொல். பச்சையைத் தெரிவதற்குக் காரணம் உண்டு: வழக்கமான கமெரா உணரியில் ஒரு சிவப்புக்கும் ஒரு நீலத்துக்கும் இரண்டு பச்சைப் புள்ளிகள், ஆகவே அந்தத் தடத்தில் இரைச்சல், அதாவது படத்தில் தெரியும் வேண்டாத புள்ளிகள், குறைவு. பிள்ளையின் கையில் வாழையிலையோ நெற்கதிரோ இருந்தால் நீலத் துணிக்கு மாறவேண்டும். துணியை அயன் பண்ணி இழுத்துக் கட்டி, அதற்குத் தனி வெளிச்சம் கொடுத்து, பிள்ளையைக் குறைந்தது 2 மீற்றர் தள்ளி நிறுத்தவேண்டும். கிட்ட நின்றால் கன்னத்திலும் வெள்ளைச் சீருடையிலும் பச்சை ஏறும். ஏறிவிட்டால், பச்சை அளவு சிவப்பு, நீலம் இரண்டின் சராசரியை மிஞ்சாமல் வெட்டிவிடலாம். ஃபோன் வீடியோ நிறத்தை நான்கு பிக்சலுக்கு ஒருமுறைதான் சேமிக்கும். தலைமயிர் ஓரம் படிப்படியாய் வெட்டுப்படுவது அதனால். முடிந்த மறைப்பை நிறமில்லாமல் கறுப்பு வெள்ளையாக மட்டும் திரையில் போட்டுப் பார்த்தால் உடம்புக்குள் இருக்கும் ஓட்டைகளும் துணியில் மிஞ்சிய சாம்பல் திட்டுகளும் உடனே தெரியும்.