ஆற்றங்கரைக் கடைக்குப் பிரீமியம் ஏன் கூடுகிறது?

ஏரலில் மளிகைக் கடை நடத்தும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "பைக்குக்கு வலிய வந்து இன்சூரன்ஸ் போடச் சொல்லும் ஏஜென்ட், ஆற்றோரக் கடைக்கு வெள்ளக் காப்பீடு கேட்டால் மட்டும் ஏன் பின்வாங்குகிறார்? கொடுத்தாலும் பிரீமியம் ஏன் இவ்வளவு?" 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், தாமிரபரணி கரை மீறி ஊர்களுக்குள் புகுந்ததையும் பார்த்த எவருக்கும் எழக்கூடிய கேள்விதான்.

பலரிடம் சிறுகச் சேர்த்துச் சிலருக்கு மொத்தமாகக் கொடுப்பதே காப்பீடு என்பது யாவரும் அறிந்தது. அந்தக் கணக்கு நிற்பதற்கு, ஒருவருடைய இழப்பு அடுத்தவருடைய இழப்போடு தொடர்பற்றதாக இருக்க வேண்டும் என்பது மட்டும் அதிகம் பேசப்படுவதில்லை.

பாளையங்கோட்டையில் ஆயிரம் பைக்குகள் காப்பீடு செய்யப்பட்டிருப்பதாகவும், ஒவ்வொன்றும் ஓராண்டில் திருடுபோக நூற்றில் ஒரு வாய்ப்பு இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். சராசரியாக 10 பைக்குகள் போகும். நிகழ்தகவுக் கணக்கின்படி இதில் வழக்கமான ஏற்ற இறக்கம் ஏறக்குறைய மூன்று பைக்குகள்தான். 20-ஐத் தாண்டுவது அபூர்வம். வண்ணார்பேட்டையில் ஒரு பைக் திருடுபோனால் சமாதானபுரத்தில் இன்னொன்று போக வேண்டும் என்பதில்லை. ஆகவே 20 பைக்குகளுக்கான பணம் கையில் இருந்தால் நிறுவனம் பெரும்பாலும் நிம்மதியாக இருக்கலாம்.

இப்போது ஆற்றங்கரையில் ஒரே மட்டத்தில் அமைந்த ஆயிரம் கடைகளை எடுத்துக்கொள்வோம். இங்கும் வெள்ளம் வர ஆண்டுக்கு நூற்றில் ஒரு வாய்ப்புதான். சராசரியும் அதே 10 கடைகள்தான். ஆனால் உண்மையில் எந்த ஆண்டும் 10 கடைகள் நனைவதில்லை. பெரும்பாலான ஆண்டுகளில் ஒன்றுகூட நனையாது. ஏதோ ஓர் ஆண்டில் ஆயிரமும் ஒரே இரவில் நனையும். கடைகளைக் கூடுதலாகச் சேர்க்கச் சேர்க்க அந்த ஓர் இரவின் சுமை கூடுமே தவிரக் குறையாது. அந்த இரவுக்காக ஒரு பெருந்தொகை எப்போதும் தயாராக இருக்க வேண்டும். அப்படி முடங்கிக் கிடக்கும் முதலுக்கான வட்டியே பிரீமியத்தில் ஏறுகிறது. சராசரி இழப்பு ஒரு பைசாகூட மாறாமல் விலை மட்டும் ஏறும் இந்த விந்தையை எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு அலுப்பதில்லை.

எனவே பிரீமியத்தைக் குறைக்க, சேர்ந்து நனையாத ஊர்களை ஒரே கணக்கில் கொண்டுவர வேண்டும். நமக்கு வெள்ளம் பெரும்பாலும் வடகிழக்குப் பருவத்தில் வருகிறது. பிரம்மபுத்திரா பெருகுவது தென்மேற்குப் பருவத்தில். காப்பீட்டு நிறுவனங்களுக்கே காப்பீடு தரும் ஜிஐசி ரீ, மியூனிக் ரீ போன்ற மறுகாப்பீட்டு நிறுவனங்களின் தொழிலே இத்தகைய தொடர்பற்ற ஆபத்துகளைச் சேர்ப்பதுதான்.

பள்ளத்தில் இருப்பவர் மட்டுமே வெள்ளக் காப்பீடு வாங்கினால் அந்தக் கணக்கும் நிற்காது. மேட்டுத் தெருவும் சேர வேண்டும். 2021 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த பாரத் கிருக ரக்ஷா வீட்டுப் பாலிசியிலும், 5 கோடி ரூபாய்வரை மதிப்புள்ள சிறு தொழில்களுக்கான பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷாவிலும் தீயோடு வெள்ளமும் சேர்ந்தே வருவது இதனால் நல்ல ஏற்பாடு. பிரிட்டனில் 2016 முதல் இயங்கும் 'ஃப்ளட் ரீ' திட்டம், காப்பீட்டு நிறுவனங்களிடம் தீர்வை வசூலித்து, வெள்ள அபாயமுள்ள வீடுகளின் பிரீமியத்தைத் தாங்குகிறது. 2009 முதல் கட்டிய வீடுகளுக்கு அதில் இடமில்லை. குளத்துக்குள் பிளாட் போட்டு விற்பவர்கள் நிறைந்த நம் சீமைக்கு அந்த விதி மிகவும் பொருந்தும்.

சேதத்தை மதிப்பிடும் சர்வேயருக்காகக் காத்திருக்காமல், மழைமானி குறித்த அளவைத் தாண்டியதும் பணம் தரும் குறியீட்டுக் காப்பீடும் இருக்கிறது. நாகாலாந்து அரசு அதை எடுத்திருக்கிறது. சேத மதிப்பீட்டுச் செலவு இல்லாததால் அது மலிவாகலாம். ஆனால் எந்த மானியை நம்புவது? ஏரலில் தூறலே விழாத நாளிலும், மாஞ்சோலை மலையிலுள்ள நாலுமுக்கிலும் ஊத்திலும் பெய்த மழை ஆற்றோடு இறங்கிவந்து கடைக்குள் நுழையக்கூடும். மேலே ஒரு குளம் உடைந்தால் சொல்லவே வேண்டாம். கடைக்காரர் நனைந்திருப்பார், மானி காய்ந்திருக்கும், பணம் வராது. இந்த ஆற்றுக்கு மலை மழையையும் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டின் நீர்மட்டத்தையும் சேர்த்த குறியீடே பொருந்தும். அதற்குப் பல ஆண்டுகளின் மணிவாரி அளவுகள் தேவை. நிவாரணத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கையேனும் தானியங்கி மானிகளுக்கும், அவற்றைப் பழுதின்றிப் பராமரிக்கும் ஆட்களுக்கும் அரசு ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த அளவுகள் இல்லாமல் எந்த நிறுவனமும் இங்கே நியாயமான விலை சொல்ல முடியாது.