மர பீரோவைத் தேய்க்கக் கொடுப்பதற்கு முன் அதன் முதுகைப் பாருங்கள்

பாகூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து போன தை மாதம் ஒரு நிலைக்கண்ணாடி பீரோ புதுச்சேரியில் இருக்கும் என் பட்டறைக்கு வந்தது. ஏழடி உயரம், இரண்டு கதவு, ஒன்றில் ஆளுயரக் கண்ணாடி, அடியில் ஒரு நீள இழுப்பறை. பழைய வீட்டை இடித்துக் கட்டப்போகிறார்கள்.

"பிரெஞ்சுக்காரத் துரை ஊருக்குக் கிளம்பறப்ப எங்க மாமனாரோட தாத்தாவுக்குக் கொடுத்தது தம்பி, இருநூறு வருஷம் இருக்கும்" என்றார் கூடவே வந்த அம்மா. அவருக்கு எண்பதைத் தாண்டிய வயது.

முதலில் வேறொரு பட்டறையில் கொடுத்திருக்கிறார்கள். அங்கே மெஷின் வைத்து, கண்ணாடி இல்லாத கதவை உள்ளும் புறமும் தேய்த்துவிட்டார்கள். அந்தக் கதவின் உட்புறத்தில்தான் பிள்ளைகள் பிறந்த தேதி, நேரம், நட்சத்திரம் எல்லாவற்றையும் மாமனார் பென்சிலில் எழுதி வைத்திருந்தாராம். இப்போது வழவழவென்று இருக்கிறது, ஓர் எழுத்துகூட மிச்சமில்லை. இன்னொரு கதவின் உள்ளே பழைய சலவைக் கணக்கு அப்படியே இருந்தது: வேட்டி 4, துண்டு 6, ஜமுக்காளம் 1.

இந்த மாதிரி வருவது இது முதல் தடவை இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். பழைய மரச்சாமானின் கதை பாலிஷ் போட்ட முகத்தில் இருக்காது. முதுகுப் பலகையிலும், இழுப்பறையின் அடியிலும், கதவின் உட்புறத்திலும் இருக்கும். மெஷின் முதலில் அழிப்பது அதைத்தான்.

இழுப்பறையை முழுக்க வெளியே இழுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். ஓரங்களில் புறா வால் போலக் கோத்த மூட்டு ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் இருந்தால் அது கை உளி வேலை. எல்லாம் அச்சடித்த மாதிரி ஒரே அளவு என்றால் மெஷின். முதுகுப் பலகையில் ரம்பத் தடம் நேர்கோடுகளாக, கொஞ்சம் முன்பின்னாக இருந்தால் இரண்டு ஆள் இழுத்து அறுத்தது. வில் போல வளைந்த தடம் வட்ட ரம்பத்தால் வந்தது. அப்புறம் திருகாணி. மொட்டை முனையாக இருந்தால் மிகப் பழையது. கூர்முனைத் திருகாணி 1840களில்தான் வந்தது, ஸ்டார் தலை 1930களில். ஆனால் ஒரே ஒரு திருகாணியை வைத்து முடிவு கட்டாதீர்கள். பின்னால் பழுது பார்த்தவர் மாட்டியதாகவும் இருக்கலாம்.

அந்த அம்மாவின் பீரோவில் வளைந்த ரம்பத் தடம் இருந்தது. கூர்முனைத் திருகாணிகள், அவை உட்கார்ந்த துளையிலிருந்து ஒரு தடவைகூட அசையாதவை. ஆகவே இருநூறு வருடம் இல்லை, 1850க்கு அப்புறம்தான் செய்திருக்க வேண்டும். அதனால் துரை கொடுத்தது பொய்யாகிவிடாது. இங்கே பிரெஞ்சு நிர்வாகம் 1954 நவம்பர் 1 வரை இருந்ததே! இழுப்பறைக்குள் ஒட்டியிருந்த செய்தித்தாளை நனைத்து உரிக்காமல் படம் எடுத்துவிட்டு அப்படியே விட்டோம். அதிலுள்ள தேதி பீரோ செய்த வருடத்தைச் சொல்லாது, அந்த வருடத்துக்கு முன்னால் அது ஒட்டப்படவில்லை என்பதை மட்டும் சொல்லும்.

கண்ணாடி விஷயத்தில் கவனம் தேவை. 19ஆம் நூற்றாண்டின் பாதி வரை நிலைக்கண்ணாடிகளுக்குப் பின்னால் வெள்ளீயமும் பாதரசமும் கலந்த பூச்சுதான். வெள்ளிப் பூச்சு முறையை லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1835இல் கண்டுபிடித்தார், அது பரவ இன்னும் பல வருடங்கள் ஆயின. பழைய கண்ணாடியின் அடிச் சட்டத்தில் பளபளவென்று சிறு உருண்டைகள் தென்பட்டால் வெறும் கையால் தொடாதீர்கள், துடைப்பத்தாலோ வாக்குவம் கிளீனராலோ கூட்டாதீர்கள். ஜன்னலைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள்.

இன்னொன்று பெயிண்ட். கிராமத்து வீடுகளில் தேக்கு பீரோவுக்குக்கூடப் பச்சையோ நீலமோ எனாமல் அடித்திருப்பார்கள். பழைய எனாமலில் ஈயம் இருக்கும். நம் நாட்டில் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். அதை உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் அந்தத் தூள் வீடு முழுக்கப் படியும், தவழும் குழந்தையின் வாய்க்குப் போகும். எனாமல் அடித்த பீரோவை வீட்டில் தேய்க்கவே வேண்டாம் என்பேன்.

பெயிண்ட் இல்லை, பழைய பாலிஷ்தான் என்றால் மறைவான மூலையில் ஸ்பிரிட் நனைத்த பஞ்சை ஒரு நிமிடம் வையுங்கள். பிசுபிசுத்தால் அது அரக்குப் பாலிஷ். அழுக்கை மட்டும் எடுத்துவிட்டு அதன் மேலேயே புதிதாக அரக்கு ஏற்றலாம், சுரண்டத் தேவையே இல்லை.

பூச்சி பற்றியும் பயம் அதிகம். துளைகள் இருப்பதாலேயே பூச்சி உயிரோடு இருப்பதாக அர்த்தமில்லை. கறுப்புத் துணியை அடியில் விரித்து இரண்டு வாரம் பாருங்கள், மாவு போல் புதுத் தூள் கொட்டினால்தான் உளு இன்னும் வேலை செய்கிறது. தேக்கில் அது பெரும்பாலும் வெளிறு என்கிற வெளிப்பக்க வெளிர் மரத்தைத்தான் தின்னும், வைரம் என்கிற உள்மரத்தில் சுலபமாக வாய் வைக்காது.

2024 நவம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் நனைந்த பீரோக்கள் கடலூரிலிருந்தும் வந்தன. தண்ணீரை விட அதிகம் கெடுத்தது வெயில். அவசரப்பட்டு முற்றத்தில் காயவைத்ததில் பலகைகள் வெடித்திருந்தன. நிழலில், காற்றோட்டத்தில், மெதுவாகக் காய வேண்டும்.

வாங்க வருபவர் வெளிநாட்டுக்கு அனுப்பப்போவதாகச் சொன்னால் ஒரு விஷயம். 1972ஆம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் கடந்த பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்ய முடியாது.

அந்த பீரோவுக்கு நாங்கள் செய்தது குறைவுதான். சலவைக் கணக்குப் பக்கத்தை மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டியதோடு சரி. தேய்த்த கதவின் வெளிப்பக்கத்துக்கு மட்டும் அரக்கு ஏற்றினோம், உட்புறத்தை வெறும் மரமாக விட்டோம். எடுத்துப்போக வந்த அன்று அந்த அம்மா பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து ஒவ்வொரு பிள்ளையாகச் சொல்ல, பேரன் அங்கே பென்சிலில் எழுதினான். மூன்றாவது மகள் பிறந்த நேரம் மட்டும் அவருக்கு நினைவுக்கு வரவில்லை. அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள்.